நேற்று இருந்த பொத்தான் இன்று எங்கே?

ராத்திரி ஒருவர் காரை வாசலில் நிறுத்துகிறார். பூட்டிவிட்டுப் படுக்கப் போகிறார். விடிந்ததும் வேலைக்குப் புறப்படுகிறார். காரில் ஏறி உட்காருகிறார். கை வழக்கம்போல் ஓர் இடத்துக்குப் போகிறது. அங்கே பொத்தானைக் காணோம்!

திருடன் வந்தானா? இல்லை. பூட்டு உடைந்ததா? அதுவும் இல்லை. காரைச் செய்து விற்ற கம்பெனியே, பல நூறு மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, பொத்தானை இடம் மாற்றி வைத்துவிட்டது!

கேட்டால் சிரிப்பு வரும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கார் வைத்திருப்பவர்கள் பலருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதே நம் கட்சி.

கண்ணாடிக்குள் பொத்தான்

பழைய காரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொத்தான் இருக்கும். அல்லது ஒரு திருகு, ஒரு நெம்புகோல் இருக்கும். அதற்குப் பின்னால் கம்பி ஓடும். அதை இடம் மாற்ற வேண்டுமானால் மெக்கானிக் வர வேண்டும். பலகையைக் கழற்ற வேண்டும்.

இன்றைய புதுக் கார்கள் பலவற்றில் அப்படி இல்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடித் திரை ஒன்று இருக்கிறது. பொத்தான்கள் எல்லாம் அதில் தெரியும் படங்கள். படத்தை வரைவது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுப்பது மென்பொருள். உத்தரவை மாற்றினால் படம் மாறும். பொத்தானும் மாறும்.

உங்கள் செல்போனில் அவ்வப்போது ‘அப்டேட்’ வருகிறது அல்லவா? அதேதான் இது. காற்று வழியாகவே வந்து இறங்கிவிடும். அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி 2012-ல் ‘மாடல் எஸ்’ என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த வழக்கத்தைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது அந்தக் கார்தான். பிறகு மற்றக் கம்பெனிகளும் பின்னால் போயின.

செல்போனில் ஏதாவது இடம் மாறினால் என்ன ஆகும்? நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு நிமிஷம் தேடி, பேரனைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது யாரைக் கூப்பிடுவது?

குளிர்காலத்தில் வந்த பரிசு

2021 டிசம்பரில் டெஸ்லா ஒரு பெரிய அப்டேட்டை அனுப்பியது. பதினோராவது பதிப்பு. கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்ததால் அதைப் பண்டிகைப் பரிசு என்றார்கள்.

பரிசைப் பிரித்துப் பார்த்தவர்கள் பலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அதுவரை திரையின் கீழ் வரிசையில் ஒரே தொடலில் கிடைத்த சில பொத்தான்கள், இப்போது உள்ளே ஒரு பக்கத்துக்குள் போய்விட்டன. சீட்டைச் சூடாக்கும் பொத்தான் போயிற்று. முன் கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை நீக்கும் பொத்தானும் போயிற்று.

சீட்டைச் சூடாக்குவதா என்று நம் ஊர்க்காரர்கள் வியக்கலாம். டிசம்பரில் உறைபனி விழும் தேசத்தில் அது அவசியம். பனிமூட்டம் நீக்கும் பொத்தான் அதைவிட அவசியம். கண்ணாடி திடீரென்று வெள்ளையாகிவிடும். எதிரே சாலை தெரியாது. அந்த நேரத்தில் ஒரே தட்டில் கிடைக்க வேண்டியது, ஒன்றைத் தொட்டு, இன்னொன்றைத் திறந்து, பிறகு தேடு என்று ஆனால்?

கார்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். பின்னால் வந்த அப்டேட்டுகளில் சில பொத்தான்களைக் கீழ் வரிசைக்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். அதற்குள் குளிர்காலத்தில் பாதி போய்விட்டது.

அஞ்சறைப்பெட்டி நியாயம்

நம் வீட்டு அடுப்பங்கரையைப் பாருங்கள். அஞ்சறைப்பெட்டியில் எந்தக் கிண்ணத்தில் கடுகு, எதில் சீரகம், எதில் வெந்தயம் என்று அம்மாவின் கைக்குத் தெரியும். எண்ணெய் காயும்போது அவள் கண் வாணலியில் இருக்கும். கை தானாகப் போய்க் கடுகை எடுக்கும். ஒரு நாள் யாரோ வந்து, “அழகாக அடுக்கி வைத்திருக்கிறேன்” என்று கிண்ணங்களை மாற்றி வைத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை!

கார் ஓட்டுவதும் அப்படித்தான். நல்ல டிரைவர் கண்ணைச் சாலையில் வைத்திருக்கிறார். வைப்பர், விளக்கு, காற்று எல்லாம் கையின் பொறுப்பு. கைக்கு அந்தப் பாடம் ஒரே நாளில் வந்துவிடாது. மாதக்கணக்கில் ஓட்டிப் பழகியதால் வருவது. பொத்தானை மாற்றினால் கை கற்ற பாடம் வீணாகிறது. வேலை மறுபடி கண்ணுக்கு வருகிறது. கண் சாலையை விட்டுத் திரைக்குப் போகிறது.

கண் எவ்வளவு நேரம் போகிறது? ஸ்வீடன் நாட்டில் கார்க்காரர்களுக்கென்றே ஒரு பத்திரிகை இருக்கிறது. ‘வி பீலேகரே’ என்று பெயர். 2022-ல் அவர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். புதுக் கார்கள் பதினொன்றையும், 2005-ஆம் வருஷத்து வால்வோ கார் ஒன்றையும் விமானத் தளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார்கள். ஓட்டிக்கொண்டே நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். சீட்டைச் சூடாக்கிப் பனிமூட்டம் நீக்குவது, ரேடியோவில் ஒரு நிலையத்தைப் பிடிப்பது, பயண மீட்டரைப் பூஜ்யம் ஆக்குவது, விளக்கொளியைக் குறைப்பது. வண்டிகளோடு பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள்.

பொத்தான்கள் நிறைந்த பழைய வால்வோவில் நான்கு வேலையும் 10 விநாடியில் முடிந்தது. அதற்குள் கார் ஓடிய தூரம் 306 மீட்டர். திரையை நம்பியிருந்த எம்.ஜி. மார்வெல் ஆர் என்ற புதுக் காரில் ஆனது 44.9 விநாடி. ஓடிய தூரம் 1,372 மீட்டர்! ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல்.

இது திரையோடு பழகிய பிறகு ஆன நேரம். பழகிய திரையையும் ஒரே இரவில் மாற்றி வைத்தால் கணக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அபராதம் யாருக்கு?

ஜெர்மனியில் ஒரு வழக்கு நடந்தது. 2019-ல் ஒருவர் பலத்த மழையில் டெஸ்லா கார் ஓட்டிக்கொண்டு போனார். வைப்பர் எத்தனை வேகத்தில் ஆட வேண்டும் என்பதைத் திரையில் மாற்றப் போனார். கண் திரைக்குப் போயிற்று. கார் சாலையை விட்டு விலகி மோதியது. அவருக்கு 200 யூரோ அபராதம்; ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. அவர் மேல் முறையீடு செய்தார். 2020-ல் கார்ல்ஸ்ரூ மேல் நீதிமன்றமும் தண்டனை சரி என்றே சொன்னது. காரோடு சேர்த்துப் பொருத்தியிருந்தாலும் திரை மின்னணுக் கருவிதான். வண்டி ஓட்டும்போது அதில் கண்ணைப் பதிக்கக் கூடாது என்பது தீர்ப்பு.

தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்று கவனியுங்கள். வைப்பரின் வேகத்தைத் திரைக்குள் வைத்தது கம்பெனி. அபராதம் கட்டியது ஓட்டியவர். நாளைக்குப் பொத்தான் இடம் மாறி, அதைத் தேடி, ஒருவர் இடித்துவிட்டால் அப்போதும் கட்டப்போவது ஓட்டுகிறவர்தான்.

நல்லதும் உண்டு

எல்லா அப்டேட்டும் தொல்லை என்று சொன்னால் பொய்யாகும். 2018 மே மாதத்தில் அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்திரிகை, டெஸ்லாவின் ‘மாடல் 3’ காரின் பிரேக்கைச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் பிரேக் போட்டால் 152 அடி ஓடித்தான் கார் நின்றது. மோசம் என்று எழுதினார்கள். சில நாட்களில் காற்று வழியாக அப்டேட் வந்தது. மறுபடி சோதித்தார்கள். 133 அடியில் நின்றது! யாரும் மெக்கானிக் ஷாப்புக்குப் போகவில்லை. 19 அடி என்பது ஓர் உயிராக இருக்கலாம். இதை யார் வேண்டாம் என்பார்கள்?

2017 செப்டம்பரில் பிளாரிடா மாநிலத்தை ‘இர்மா’ புயல் தாக்க வந்தது. ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். டெஸ்லா கம்பெனி இருந்த இடத்தில் இருந்தே சில கார்களுக்கு அதிக தூரம் ஓடும் சக்தியைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? அந்தக் கார்களில் முதலிலேயே பெரிய பாட்டரி இருந்தது. குறைந்த விலை கொடுத்தவர்களுக்கு ஒரு பகுதியை மென்பொருளால் பூட்டி வைத்திருந்தார்கள்! புயல் வந்ததால் பூட்டு இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்தது.

சாவியை வைத்திருப்பவர் திறக்கவும் செய்யலாம், பூட்டவும் செய்யலாம். 2019-ல் ஓர் அப்டேட், ‘மாடல் எஸ்’ கார்கள் சிலவற்றில் பாட்டரியின் அதிகபட்ச மின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டது. பாட்டரியின் நன்மைக்கே செய்தோம் என்றது கம்பெனி. கார்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021-ல் 15 லட்சம் டாலரில் சமரசம் ஆயிற்று. 1,743 கார்கள், காருக்கு 625 டாலர்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். காரின் திரையில் வீடியோ விளையாட்டு உண்டு. வண்டி நிற்கும்போது மட்டும் விளையாடலாம் என்றிருந்தது. பிறகு வண்டி ஓடும்போதே பக்கத்து சீட்டில் இருப்பவர் விளையாடலாம் என்று மாறியது! 2021 டிசம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு இலாகா சுமார் 5,80,000 கார்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. உடனே அதை நிறுத்திக்கொண்டார்கள். இப்படி ஒரு யோசனை யாருக்குத் தோன்றியதோ!

“உங்களைக் கேட்டோமே!”

கம்பெனிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. “நாங்கள் தானாகவா மாற்றினோம்? புதியதைப் போடட்டுமா என்று திரையில் கேட்டோம். நீங்கள் சரி என்று தொட்டீர்கள்.”

உண்மைதான். பல கார்களில் சொந்தக்காரர் தொட்டால்தான் அப்டேட் இறங்கும். ஆனால் அந்தப் பொட்டலத்துக்குள் என்னென்ன இருக்கிறது? பிரேக் திருத்தம் இருக்கும். கம்ப்யூட்டர் திருடர்களிடமிருந்து காரைக் காக்கும் பூட்டு இருக்கும். கூடவே, யாரும் கேட்காத புதுப் படங்களும் இடம் மாறிய பொத்தான்களும் இருக்கும். சர்க்கரை வேண்டுமானால் இந்தச் சோப்பையும் வாங்கு என்று சில கடைக்காரர்கள் சொல்வது உண்டு அல்லவா? அந்த வியாபாரம்தான் இது. பத்திரம் வேண்டும் என்பவர் மாற்றத்தையும் சுமக்க வேண்டும். மாற்றம் வேண்டாம் என்பவர் பத்திரத்தையும் இழக்க வேண்டும். பிடிக்கவில்லை, பழையபடியே கொடு என்றால், திரும்பிப் போகப் பெரும்பாலும் வழி கிடையாது.

இன்னொன்று. ஒரு வீட்டுக் காரை ஒருவரா ஓட்டுகிறார்? ராத்திரி கணவர் திரையைத் தொட்டுச் ‘சரி’ சொல்லிவிட்டுத் தூங்குகிறார். காலையில் மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறாள். அப்டேட் வந்ததே அவளுக்குத் தெரியாது! வயதான தகப்பனார் மாதம் ஒரு முறை வண்டியை எடுப்பார். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்துக் குறிப்பைப் படித்தாரா? சம்மதம் கொடுத்த கை ஒன்று. தடுமாறுகிற கை வேறு.

“இலவசமாகக் காரைப் புதிதாக்கித் தருகிறோம், குறை சொல்கிறீர்களே!” என்றும் கேட்கிறார்கள். புதுக் கார் வாங்குகிறவர் கடைக்குப் போகிறார். உட்கார்ந்து பார்க்கிறார், ஓட்டிப் பார்க்கிறார். பிடித்தால் வாங்குகிறார். அந்த உரிமைக்குத்தான் பணம் கொடுத்தார். வாங்கிய பிறகு வீட்டுக்குள் வந்து சாமான்களை மாற்றிப் போடும் உரிமையையும் சேர்த்து அவர் விற்றுவிடவில்லையே!

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. பழுது பார்ப்பதைத் தனியாக அனுப்புங்கள். அதை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். அலங்காரத்தைத் தனியாக அனுப்புங்கள். விருப்பம் உள்ளவர் வைத்துக்கொள்ளட்டும். மற்றவருக்குப் பழைய அமைப்பு அப்படியே கிடைக்கட்டும். வண்டி ஓடும்போது தேவைப்படும் பொத்தான் எதையும், காரை விற்ற பிறகு, அது இருந்த இடத்தை விட்டு அசைக்காதீர்கள்.

அப்டேட்டே வினையாவதும் உண்டு. 2023 நவம்பரில் ரிவியன் என்ற அமெரிக்கக் கம்பெனி தவறான பதிப்பை அனுப்பிவிட்டது. கார்கள் ஓடின, திரைகள் இருண்டுவிட்டன. 2025 அக்டோபரில் ஜீப் ராங்லர் 4எக்ஸ்இ வண்டிகள் சில, அப்டேட்டுக்குப் பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்தி இழந்தன. கம்பெனி அந்த அப்டேட்டை நிறுத்தி வைத்தது. இவை தவறு என்று கம்பெனிகளே ஒப்புக்கொள்பவை, திருத்திவிடுவார்கள். வேண்டுமென்றே செய்த மாற்றத்தைத்தான் யாரும் தவறு என்று ஒப்புக்கொள்வதில்லை.

நம் தமிழ்நாட்டுக்கும் இது தூரத்துச் சங்கதி அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டாரத்தில் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை இருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்கூட்டர்களை வாங்கியவர்களுக்கு, விளம்பரத்தில் சொன்ன சில வசதிகள் கைக்கு வரவில்லை. ஒரே வேகத்தில் ஓட வைக்கும் ‘குரூஸ் கன்ட்ரோல்’ 2022-ல் அப்டேட்டில்தான் வந்தது. வண்டி முன்னால், வசதி பின்னால்! வாங்கும்போது இருப்பது எது, பிறகு வருவது எது, பிறகு மாறுவது எது என்று கேட்டு வாங்கும் காலம் வந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 2020-ல் வாகன மென்பொருளுக்கு ஒரு விதி செய்தது. 156-ஆம் எண் விதி. அப்டேட் எதற்காக, அதனால் வண்டியின் வேலையில் என்ன மாறும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சொந்தக்காரருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது அது. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் இது கட்டாயம். நல்ல விதி. ஆனால் தெரிவிப்பது வேறு, சம்மதம் கேட்பது வேறு. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதும், பெண்ணைக் கேட்பதும் ஒன்றா?

சட்டம் நினைத்தால் மிகக் கண்டிப்பாக இருக்க முடியும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் டெஸ்லா சுமார் 22 லட்சம் கார்களைத் திருத்த வேண்டி வந்தது. காரணம் என்ன? பிரேக் முதலிய எச்சரிக்கை விளக்குகளின் எழுத்து 3.2 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அதைவிடச் சிறியதாக இருந்தது! எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் அளக்கிறவர்கள், பொத்தான் எத்தனை தொடலுக்கு அப்பால் போயிற்று என்றும் அளக்கலாம்.

காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர் ஆந்திரேயாஸ் மிண்ட், 2025-ல், முக்கியமான பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொன்னார். ஒலி, சூடு, காற்று, அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி நிஜப் பொத்தான். கார் ஒன்றும் செல்போன் அல்ல என்பது அவர் வாதம்.

ஐரோப்பாவில் கார்களின் பத்திரத்தைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ‘யூரோ என்கேப்’ அமைப்பும் ஒரு பட்டியல் வெளியிட்டது. 2026 முதல் உயர்ந்த மதிப்பெண் வேண்டுமானால் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டு உணரும் நிஜ விசை இருக்க வேண்டும் என்று 2024-ல் அறிவித்தார்கள். நிஜ விசையை எந்த அப்டேட்டும் ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்த முடியாது.

ஐந்தும் சரியான தேர்வுதான். ஆனால் 2021 டிசம்பரில் அத்தனை பேர் தேடிய, முன் கண்ணாடியில் பனிமூட்டம் நீக்கும் பொத்தான் அந்த ஐந்தில் இல்லை.